முந்நூற்று அறுபத்தைந்து சாமி

ஜூன் 18

கோபம் வந்தால் கத்தாதீர்கள், ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கத்தினால் ரத்தக் கொதிப்பு ஏறுமாம், எழுதினால் இறங்குமாம். இந்த வைத்தியத்துக்கு ஃபீஸ் வேறு. என் அப்பா நாள் முழுக்கக் கத்தினார், எண்பது தாண்டியும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். அவரை யாரும் டைரி எழுதச் சொல்லவில்லை.

சரி, எழுதித்தான் பார்ப்போமே. தாளுக்கா நமக்குப் பஞ்சம்? சிவகாசியில் வெயிலுகந்தாள் ஆப்செட் என்றால் தெரியாதவன் இல்லை. தினசரி காலண்டர்தான் நம் தொழில். சீசன் இல்லாத மாதங்களில் கல்யாணப் பத்திரிகை. மெஷினையும் ஆர்டரையும் தம்பி பொன்ராஜ் பார்க்கிறான். மூளை வேலை என்னுடையது. தாளில் என்னென்ன எழுத்து வருகிறதோ அத்தனையும் என் கண்ணைத் தாண்டித்தான் வரும். பஞ்சாங்கம் மட்டும் வெளியே ஒருவரிடம் வாங்குகிறோம். பன்னிரண்டு ராசிக்கும் தினம் ஒரு வார்த்தைப் பலன் நான்தான் போடுவேன். லாபம், நஷ்டம், சுகம், அலைச்சல், பாராட்டு என்று சுழற்றி விட்டால் வருடம் ஓடிவிடும். அடியில் வருகிற பொன்மொழியும் நான் யோசித்ததுதான். "அறிஞர் வாக்கு" என்று போட்டுக்கொள்வேன், பொய் இல்லையே.

கோபத்துக்குக் காரணம் பொன்ராஜ். மதியம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டே சொல்கிறான்.

"அண்ணாச்சி, மூணு வருசமா ஆர்டர் இறங்கிக்கிட்டே வருது. எல்லாரும் செல்போன்ல நாள் பாக்காக. இந்த ஆடி ஆர்டரும் இப்படியே போச்சுன்னா நான் மெஷின வித்துட்டு ஓசூருக்குப் போயிருவேன். மச்சினன் அட்டைப்பெட்டிக் கம்பெனில பங்குக்குக் கூப்பிடுறான்."

அப்பா ஆரம்பித்த அச்சகம். மெஷின் போனால் எனக்கு என்ன மிஞ்சும்? என் அறுபது வயதில் ஒரு பிழைதிருத்துகிற கண்ணை எவன் வாங்குவான்? இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. "அட்டைப்பெட்டிக்கு ராசிபலன் யாருடா போடுவா?" என்று மட்டும் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.

ஜூன் 20

காலண்டர் அடியில் நம் போன் நம்பரைப் போட்டு வைத்தார் அப்பா. ஆர்டர் வரும் என்று நினைத்தார். வருவதெல்லாம் வம்பு.

இன்று வந்தவை: சாயல்குடியிலிருந்து ஒருவர், மேஷத்துக்கு லாபம் என்று போட்டிருந்த அன்று அவர் மாடு செத்துப்போனதாம். கயத்தாறிலிருந்து ஒரு அம்மாள், பின்பக்கம் மை ஊறி வந்திருக்கிறது, பால் கணக்கு எழுத முடியவில்லை என்று. பால் கணக்கு எழுதவா நான் காலண்டர் அடிக்கிறேன்? "நோட்டு வாங்கி எழுதுங்கம்மா" என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 24

பொன்ராஜ் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்திருக்கிறான். பெயர் ஷைலஜா. அங்கே ஒரு காலேஜில், சின்னத் தொழில் செய்கிறவர்களுக்கு யோசனை சொல்வதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்களாம். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்திருக்கிறாள். முப்பது வயது இருக்கும். மெஷின் பக்கம் போனதும் மை நெடியில் தும்மினாள். தும்மிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"சார், நீங்க அடிக்கிற காலண்டரை வாங்கறது யாருங்க?"

"கடைக்காரங்க."

"அவங்க யாருக்குத் தர்றாங்க?"

"வாடிக்கைக்காரங்களுக்கு. ஓசில."

"அப்ப உபயோகிக்கறவங்களை நீங்க பாத்ததே இல்லைங்களா?"

உபயோகிக்கிறவர்களை நான் எதற்குப் பார்க்க வேண்டும்? ஆணி அடித்து மாட்டுவார்கள், காலையில் ஒரு தாள் கிழிப்பார்கள். இதைப் பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு போக வேண்டுமா?

ஜூன் 25

அந்தப் பெண்ணுக்கு இன்று புது ஆசை. என் போனுக்குப் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார வேண்டுமாம்.

"போன்ல வர்றதையெல்லாம் எழுதி வைப்பீங்களா சார்?"

"பொழுது போகாதவக பேசுறத எதுக்கும்மா எழுதணும்?"

"ஓசியா வர்ற யோசனைங்க. பெரிய கம்பெனியெல்லாம் இதுக்கு லட்சக்கணக்குல செலவு பண்றாங்க."

மாடு செத்துப்போனதில் என்ன யோசனை இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். பெண்பிள்ளை ஆயிற்றே என்று விட்டுவிட்டேன். டீ வாங்கிக் கொடுத்து பைண்டிங் பக்கம் அனுப்பி வைத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகத்தான் முடியும் பாருங்கள்.

ஜூன் 29

பரணில் தேங்காய்க் கூடை வைக்க இடமில்லை. ஏறிப் பார்த்தால் மூட்டை மூட்டையாகக் கல்யாணப் பத்திரிகை. கல்யாணமாகி அந்தப் பிள்ளைகளுக்குப் பிள்ளையே பள்ளிக்கூடம் போகிறது, பத்திரிகை மட்டும் இங்கே குடியிருக்கிறது. பழைய பேப்பர்க்காரனுக்குப் போடு என்றால் வீட்டுக்காரி ராஜகனி கேட்கமாட்டேன் என்கிறாள்.

"பிள்ளையார் படம் போட்டுருக்குல்ல? எப்படிங்க குப்பைல போடுறது?"

"வெறும் காகிதம்டி. நான் அடிச்ச காகிதம்."

"நீங்க அடிச்சா என்ன, சாமி சாமிதான்."

இருபத்தெட்டு வருடம் அச்சகக்காரனோடு குடும்பம் நடத்தியும் இந்தப் பைத்தியம் தெளியவில்லை. தேங்காய்க் கூடை கட்டிலுக்கு அடியில்தான்.

ஜூலை 2

ஷைலஜாவும் பொன்ராஜும் நாலைந்து நாளாக ஊரைச் சுற்றினார்கள். வீடு வீடாகப் போய் என்ன கேட்டார்களாம் தெரியுமா? "நேத்துத் தாள என்ன செய்வீக?" இதுதான் கேள்வி. இதற்குத்தான் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. இன்றைய நாளுக்கு நான் நல்ல நேரம், சூலம், சந்திராஷ்டமம் எல்லாம் கொடுக்கிறேன், இவர்கள் நேற்றைய தாளைத் தேடிக்கொண்டு திரிகிறார்கள்.

பதிலையும் வாசித்துக் காட்டினாள். ஒருத்தி பலசரக்குச் சாமான் எழுதுகிறாள். ஒருத்தி கோயில் விபூதி மடிக்கிறாள். ஒரு வீட்டில் வடை எண்ணெய் ஒத்தி எடுக்கிறார்கள். ஒரு தாத்தா பல்செட்டைப் பொதிந்து வைக்கிறார். பிள்ளைகள் கப்பல் விடுகின்றன. இத்தனை உபயோகமும் பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால்தானாம். அதனால் மை ஊறாத தாளாகப் போட்டு, முன்பக்கமும் ஓரத்தில் எழுத இடம் விட்டு, பால், சிலிண்டர், மாத்திரை என்று கட்டம் போட்டால் செல்போன் செய்யாத வேலையை நம் காலண்டர் செய்யுமாம்.

"அப்ப என் பொன்மொழி?" என்றேன்.

"அதை யாரும் சொல்லலைங்க சார்" என்றாள்.

மெல்லிய குரலில்தான் சொன்னாள். இருந்தாலும் சொன்னாள்.

ஜூலை 4

தூக்கமே இல்லை. வெள்ளைத் தாளை விற்பதற்கு அச்சகம் எதற்கு? தாள் மில்லே விற்றுக்கொள்ளுமே!

காலையில் குளிக்கும்போது உதித்தது. எவனிடமும் கேட்காமல், எந்தக் காலேஜும் சொல்லாமல், சொந்தப் புத்தியில். இதுவரை எல்லோரும் மேலே அட்டையில் ஒரு சாமி படம் போட்டு, கீழே தாளில் வெறும் தேதி போடுகிறார்கள். தாளிலேயே சாமி போட்டால்? தினம் ஒரு சாமி. வண்ணத்தில், முழுத் தாளுக்கும். பின்பக்கம் அந்தக் கோயிலின் தல வரலாறு. முந்நூற்று அறுபத்தைந்து நாளும் முந்நூற்று அறுபத்தைந்து சாமி. தமிழ்நாட்டில் எவன் செய்திருக்கிறான்? எவனும் இல்லை.

பொன்ராஜிடம் சொன்னேன்.

"அண்ணாச்சி, அந்தப் பிள்ளை இம்புட்டு அலைஞ்சு கேட்டு வந்துருக்கு…"

"அது ஊர் ஊராப் போயி அடுத்தவன் புத்திய அள்ளிட்டு வந்துருக்கு. இது நம்ம புத்தி. நாப்பது வருசம் இந்த மை நெடில உக்காந்த புத்தி. நான் மூத்தவன் சொல்றேன்."

மூத்தவன் என்ற வார்த்தையை நான் அடிக்கடி எடுப்பதில்லை. எடுத்தால் வேலை செய்யும். செய்தது.

ஷைலஜா ஒன்றுதான் கேட்டாள். "நூறு வீட்ல மாதிரி குடுத்துப் பாத்துட்டு அடிக்கலாமுங்களா சார்?" சாமி படம் பிடிக்குமா என்று தமிழனிடம் போய்க் கேட்பாளாம். பஸ் ஏற்றிவிட்டோம்.

ஜூலை 16

இருநூறுக்குப் பக்கத்தில் சாமி தீர்ந்துவிட்டது. இப்படி ஒரு தட்டுப்பாடு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முருகனை ஆறு படை வீட்டுக்கு ஆறாகப் பிரித்தேன். அம்மனை ஊர்வாரியாக நிறுத்தினேன். இனி குலதெய்வங்களைக் கூப்பிட வேண்டியதுதான்.

ஜூலை 23

படம் வரைகிறவன் மார்ச் மாதத்து அய்யனார் மூன்று பேருக்கும் ஒரே மீசை வைத்திருக்கிறான். திருத்தச் சொன்னேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. அடுத்த வருடக் காலண்டருக்கு மாதிரி ஆல்பத்தை இன்றைக்கு வெளியிடுவதுதான் ஊர் வழக்கம். இன்று ஆர்டர் பிடிக்காதவன் தீபாவளிக்குத் துணி எடுக்க மாட்டான்.

இன்று நான் அப்பாவின் பட்டுக்கரை வேட்டி கட்டியிருந்தேன். திருநெல்வேலி பாத்திரக்கடை முதலாளி சிவகுருநாதன் ஆல்பத்தைத் திறந்தார், ஜனவரி ஒன்றாம் தேதிப் பிள்ளையாரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார், கண்ணில் ஒற்றிக்கொண்டார். போன வருடத்தைப் போல மூன்று மடங்கு ஆர்டர் கொடுத்தார். மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். பக்கத்து அச்சகக்காரர் ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துப் படக்கென்று மூடிவிட்டுப் போனார். வயிற்றெரிச்சல்.

பொன்ராஜ் ஒரு காரியம் செய்திருக்கிறான். அந்தப் பெண் சொன்ன மாதிரி, எழுத இடம் விட்டு, பின்பக்கம் வெள்ளையாக ஒன்று அடித்து ஆல்பத்தின் கடைசியில் செருகியிருக்கிறான். என்னிடம் கேட்கவில்லை. சாத்தூர் கேஸ் ஏஜென்சிக்காரர் மட்டும் அதை எடுத்தார். சிலிண்டர் மாற்றிய தேதியைக் குறிக்க வசதியாம். எடுக்கட்டும். ஊருக்கு ஒரு ஏமாளி வேண்டும்தானே.

"ஓசூர் என்னடா ஆச்சு?" என்றேன். "பாப்போம் அண்ணாச்சி" என்று சிரித்தான். சந்தோஷமாக இருக்கிறது. மறைப்பானேன், ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது.

செப்டம்பர் 11

சங்கரன்கோவிலிலிருந்து ஒரு அம்மாள் போன். பாத்திரக்கடையில் மாதிரித் தாள் கொடுத்திருக்கிறார்கள்.

"படம் நல்லாருக்குங்க. இத மறுநாளு கிழிச்சு எங்க போடுறது?"

"எங்க வேணா போடுங்க. குப்பைல போடுங்க."

"குப்பைலயா?" என்றாள். அப்புறம், "நீங்க நல்லாருப்பீகளா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். என்ன நாகரிகமோ! படித்தவர்களாகவா இருக்கிறார்கள், போனில் எப்படிப் பேசுவதென்று தெரிய?

பொன்ராஜ், "யாரு அண்ணாச்சி?" என்று கேட்டான். ராங் நம்பர் என்றேன். மெஷினில் முதல் லாட் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

நவம்பர் 14

பைண்டிங் பெண்கள் செருப்பில்லாமல் வேலை செய்கிறார்கள். யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே. கழிவுத் தாளைக் கூட்டிப் பெருக்கமாட்டேன் என்கிறார்கள். விளக்குமாறு படக்கூடாதாம். மை சரியாக விழாத முருகனும் அம்மனும் மூலையில் இடுப்பு உயரத்துக்கு நிற்கிறார்கள். நேற்று யாரோ அதற்கு முன்னால் சூடம் காட்டியிருக்கிறார்கள். அச்சகத்தில் சூடம்! தீப்பிடித்தால் எந்தச் சாமி வரும்?

கழிவுத் தாள் எடுக்கிறவர் வந்து பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், எடுக்காமல் போய்விட்டார். "இத மில்லுல ஊற வச்சு அரைப்பாக அண்ணாச்சி. நான் பிள்ளகுட்டிக்காரன்." எல்லோருக்கும் திடீரென்று பக்தி வந்துவிட்டது.

டிசம்பர் 27

கடைசி லோடும் போயாயிற்று. லாரிக்காரன் தார்ப்பாய் கட்டும்போது கட்டுகளின் மேல் கால் வைக்க மாட்டேன் என்று ஒரு மணி நேரம் தாமதம் செய்தான். சொன்னால் சிரிப்பார்கள்.

ஜனவரி 1

வீட்டில் காலண்டர் மாட்டினேன். பிள்ளையார் ஜம்மென்று இருக்கிறார். ராஜகனி அதற்குச் சந்தனம் வைத்து, ஒரு முழம் பூவும் போட்டாள். காலண்டருக்குப் பூ போட்டு இதுவரை பார்த்ததில்லை. இதைவிட என்ன பாராட்டு வேண்டும்? அறிஞர் வாக்கு: சொந்தக் கால் சறுக்காது.

ஜனவரி 5

வீட்டுக் காலண்டர் ஜனவரி ஒன்றிலேயே நிற்கிறது. ஒரு தாள் கிழிப்பதற்குக்கூட இவளுக்கு நேரமில்லை. சொன்னால், "நீங்களே கிழிங்களேன்" என்கிறாள். எனக்கு அவசரம், அச்சகத்துக்குக் கிளம்பிவிட்டேன். சோம்பேறித்தனத்துக்கும் ஒரு அளவு உண்டு.

ஜனவரி 9

இன்றும் ஒன்றாம் தேதிதான். பூ மட்டும் புதிது.

ஜனவரி 12

போன் நின்றபாடில்லை.

"அண்ணாச்சி, இன்னைக்கு என்ன தேதி?" என்று ஒருவர் கேட்கிறார். காலண்டர் அடிப்பவனிடம் தேதி கேட்கிறார்! கிழித்துப் பாருங்கள் என்றால், "முருகன எப்படிங்க கிழிக்கிறது? கழுத்துக்குக் குறுக்க வருதே" என்கிறார். விருதுநகரில் ஒரு வீட்டில் தாளைக் கிழிக்காமல் மேலே மடித்து மடித்துச் செருகி, பாரம் தாங்காமல் ஆணி பிடுங்கிக்கொண்டு விழுந்ததாம். ஒருத்தி கிழித்த பதினோரு தாளையும் பூஜை அறையில் அடுக்கி வைத்திருக்கிறாள், வருடம் முடிய எங்கே வைப்பது என்று என்னிடம் கேட்கிறாள். இன்னொருத்தி வீட்டில் வடை எண்ணெயை ஒற்ற ஒரு தாள் இல்லாமல் மாமியார் சண்டை. பழனியாண்டவர் மேல் வடையை வைக்க முடியுமா என்கிறாள்.

ஜனங்களுக்கு மூளை மழுங்கிவிட்டது. நல்ல பொருளைக் கொடுத்தால் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. நாய்க்குத் தேங்காய் கிடைத்த கதை.

ஜனவரி 18

பொங்கல் முடிந்து கடை திறந்த கையோடு சிவகுருநாதன் முதலாளி கூப்பிட்டார். எப்போதும் பொன்ராஜோடுதான் பேசுவார். இன்று என்னைக் கேட்டார்.

"யோவ், என் வாடிக்கைக்காரக வீட்லயெல்லாம் இன்னும் ஜனவரி ஒண்ணாந்தேதிதான்யா. பொங்கலுக்குப் பானை வாங்க வருவாகன்னு பாத்தா, காலண்டரத் தூக்கிட்டு வாராக. கிழிக்கவும் முடியல, குப்பைல போடவும் முடியல, நீரே வச்சுக்கிடும்னு கல்லாவுல வச்சுட்டுப் போறாக. என் கடைல பாத்திரம் வைக்க எடமில்ல, பூராவும் சாமி நிக்கிது. நான் எங்கய்யா போடுவேன்? எனக்கு மட்டும் பாவம் ஒட்டாதா?"

"முதலாளி, அது புது மாதிரி, பழக நாளாகும்…"

"அடுத்த ஆடிக்கு என் கடப் பக்கம் வந்துராதீரும்."

வைத்துவிட்டார். நம் வேலையில் பாதிக்கு மேல் அவருடையது. பயமாக இருக்கிறது. டாக்டர் கோபத்துக்குத்தான் எழுதச் சொன்னார், பயத்துக்கு என்ன செய்வதென்று சொல்லவில்லை.

யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் இது என் சறுக்கல் இல்லை. படம் வரைந்தவன் இத்தனை உயிரோட்டமாக வரைந்திருக்கக் கூடாது.

ஜனவரி 21

லாரி வந்தது. திருப்பி அனுப்பியவை எல்லாம் இறங்கின. வைக்க இடமில்லாமல் என் மேஜையைச் சுற்றி, நாற்காலிக்குப் பின்னால், போனுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அடுக்கினார்கள். எங்கே திரும்பினாலும் பிள்ளையார் பார்க்கிறார்.

பொன்ராஜ் கத்துவான் என்று இருந்தேன். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், ரத்தக் கொதிப்பு ஏறினாலும் மனசு ஆறியிருக்கும். அவன் கட்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"மாதிரி குடுத்தப்ப ஒருத்தர்கூடவா அண்ணாச்சி போன் பண்ணிச் சொல்லல?"

"இல்ல" என்றேன்.

தண்ணீர் குடித்தேன். கட்டுகளிலிருந்து கிளம்பிய தூசு.

ஜனவரி 22

சாயங்காலம் வீட்டில் ராஜகனியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி, இப்படி ஆகும்னு தெரிஞ்சா மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?"

"நீங்க எங்கிட்ட எப்ப கேட்டீக?"

"கேக்காட்டிச் சொல்லக் கூடாதா?"

"பத்திரிகைய பரண்ல வச்சதுக்கே பைத்தியம்னீக. இதச் சொன்னா என்ன சொல்லுவீக?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். தாளிக்கிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான் அவளுடைய கோபம்.

வெறும் காகிதம். என் மெஷினில் ஓடிய காகிதம், என் கண்ணால் மூன்று தடவை திருத்திய காகிதம். இதைக் கிழிக்க எவ்வளவு நேரமாகும் என்று காட்டுகிறேன் என்று எழுந்து போனேன். பூவை எடுத்துக் கீழே வைத்தேன். தாளின் ஓரத்தைப் பிடித்தேன். தும்பிக்கைக்கு மேலே பிடித்தால் கண்ணுக்குக் குறுக்கே போகிறது. கீழே பிடித்தால் காலில் தொடங்குகிறது. சரி, பக்கவாட்டில். அங்கே அபய ஹஸ்தம்.

மழைக்காலத்திலிருந்தே வலது மணிக்கட்டில் ஒரு பிடிப்பு இருக்கிறது. அதனால் கிழிக்கவில்லை. பூவைத் திரும்ப எடுத்து வைத்தேன்.

ராஜகனி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். "தோசை ஊத்தவா?" என்றாள்.

ஜனவரி 24

சாத்தூர் கேஸ் ஏஜென்சிக்காரர் வந்தார். அவருடைய காலண்டர் இன்னும் வேண்டுமாம். பக்கத்து ஊர் ஏஜென்சிக்காரரும் கேட்கிறாராம். வீட்டுக்கு வீடு சமையலறையில் மாட்டியிருக்கிறார்களாம், கட்டத்தில் பால் கணக்கு, சிலிண்டர் கணக்கு, மாத்திரை கணக்கு. பெரிய கண்டுபிடிப்பு! வெள்ளையாக விட்டால் எவனும்தான் எழுதுவான்.

"சாயங்காலம் பழைய தாள்ல பிள்ளைக வீட்டுக்கணக்குப் போட்டுப் பாக்குதுக அண்ணாச்சி" என்று என்னிடமே சொல்கிறார். பொன்ராஜ் என் முகத்தைப் பார்க்காமல் ஆர்டர் எழுதிக்கொண்டான். பாத்திரக்கடை போன இடத்தை இது அடைக்காது. பாதிகூட அடைக்காது. ஆனால் மெஷின் ஓடும்.

ஜனவரி 25

பொன்ராஜ் சொன்னான், ஆடி வரைக்கும் ஓசூர் போகவில்லையாம். வியாழக்கிழமை ஷைலஜா மறுபடி வருகிறாளாம்.

"வந்தா எங்க உக்கார வைக்க அண்ணாச்சி?"

கேள்வி எதற்கு என்று எனக்குத் தெரியாதா? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானதை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை அவன். அதுதான் உறுத்துகிறது. அந்த ஓசூர்க்காரன் கொடுத்து வைக்காதவன்.

"போனுக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி போடு" என்றேன். "ஆனா தும்முனா வெளிய போயித் தும்மச் சொல்லு."

ஜனவரி 27

போன் அடித்தது. பொன்ராஜ் தாள் எடுக்கப் போயிருந்தான், நான் மட்டும் இருந்தேன். கயத்தாறு அம்மாள், பால் கணக்கு அம்மாள். குரலை மறக்கவில்லை. அவளும் என் குரலை மறக்கவில்லை போலிருக்கிறது.

"நோட்டு வாங்கச் சொன்னீகளே, அந்த ஆளா?"

"ஆமாம்மா."

"சாமிய நாங்க கிழிக்கல. அதச் சொல்லத்தான் போட்டேன்."

வைத்துவிடப் போனாள். எனக்கு என்ன தோன்றியதோ, "இருங்கம்மா, ஒண்ணு கேக்கணும்" என்றேன். கேட்கவும் செய்தேன். இந்த வாயால், அந்தப் பெண் வீடு வீடாகப் போய்க் கேட்ட அதே கேள்வியை.

"நேத்துத் தாள என்ன செய்வீக?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "இது தெரியாமயா இம்புட்டு வருசம் அடிக்கிறீக?" என்றாள். சொல்ல ஆரம்பித்தாள்.

எழுதிக்கொள்ளத் தாள் தேடினேன். என்னைச் சுற்றிக் கூரை வரை தாள். முன்பக்கம் சாமி, பின்பக்கம் நான் எழுதிய தல வரலாறு. ஒரு வார்த்தை எழுத இடமில்லை. போன் வயர் எட்டுகிற மட்டும் எட்டி, பொன்ராஜ் மேஜையில் இருந்த கேஸ் ஏஜென்சி காலண்டரை இழுத்தேன். இன்றைய தாளைப் பிடித்தேன். ஒரே இழுப்பில் வந்துவிட்டது. மணிக்கட்டு வலிக்கவில்லை. பின்பக்கம் மை ஊறவுமில்லை. நல்ல தாள்தான், நாம் வாங்குகிற தாள் ஆயிற்றே.

அவள் சொல்லிக்கொண்டே போனாள், தாள் நிறைந்துவிட்டது. "இருங்கம்மா" என்று சொல்லி இன்னொன்றையும் கிழித்தேன். பொன்ராஜ் மேஜையில் இப்போது தேதி ஜனவரி 29.